சும்மா உட்காரும் வகுப்பு

1

ஊர்ச்சபை மக்கள் யாவருக்கும், கடல் தாண்டி இருக்கிற உங்கள் சகோதரனின் அன்பான தோத்திரங்கள்.

விடுமுறைக்குத் தென்காசி வந்திருந்தபோது, ஆராதனை முடிந்து வாசலில் நின்றவனைப் பிடித்து, நம் சபைப் பத்திரிகைக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், எனக்கு எழுத வராது என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து அடுப்படி மேசையில் உட்கார்ந்து யோசித்தால், இந்த நாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் வீட்டைப் பற்றித்தான் தெரியும். அதை எழுதுகிறேன். என் மனைவி ஜெபாவிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க, ஆனா என்னைய அழுமூஞ்சி ஆக்கிராதீங்க" என்றாள்.

எனக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம். தென்காசியில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். ஜெபா தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் மகள் ஃபெபாவும் விமானம் ஏறினோம். அப்போது ஃபெபா இடுப்பில் இருந்தாள். இப்போது என் தோள் உயரம். ஜெபா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வயதானவர்கள் இருக்கும் வார்டில் வேலை பார்க்கிறாள். நான் அரை நாள் ரொட்டித் தொழிற்சாலையில் தட்டு கழுவுகிறேன். மீதி அரை நாள் வீட்டில் சோறு பொங்குகிறேன். ஊரில் இருந்திருந்தால் கேலி பண்ணுவார்கள். இங்கே யாரும் கண்டுகொள்வதில்லை. என் சாம்பாருக்கு இப்போது கொஞ்சம் பேரும் உண்டு.

போன குளிர்காலத்தில்தான் அது ஆரம்பித்தது. நைட் டூட்டி முடிந்து காலையில் ஜெபாவின் கார் வாசலில் வந்து நிற்கும். நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எஞ்சின் நிற்கும். ஆனால் ஆள் இறங்காது. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அப்படியே இருப்பாள். நான் ரசத்தை இறக்கி வைப்பேன், மறுபடி சூடு பண்ணுவேன், திரும்ப இறக்கி வைப்பேன். போய்க் கதவைத் தட்டவும் பயம். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று ஜெபம் பண்ணுவேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் ஒருநாள், உன் மனைவிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நோய் ஒன்றும் இல்லை, மௌனம் மட்டும்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம் தவறாது. பாட்டு, வேதவாசிப்பு, பிறகு ஆளுக்கொரு ஜெபம். ஃபெபா இங்கிலீஷில் ஓட்டமாக ஓடி முடிப்பாள். அதற்குப் பிறகு ஜெபாவின் முறை. அவள் ஜெபத்தில் நோயாளிகள் கட்டில் கட்டிலாக வருவார்கள். பெயர் சொல்லமாட்டாள், அது ஆஸ்பத்திரி விதி. ஜன்னலோரத்துத் தாத்தா, பூப்போட்ட சட்டை அம்மா என்று சொல்லுவாள். அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் அவள் முறை வந்தபோது, "நீங்களே பண்ணிருங்க" என்றாள். மறுநாளும் அதுதான். அப்புறம் நாங்கள் கேட்பதையே விட்டுவிட்டோம்.

2

காரணம் என்னவென்று அவள் சொன்னது வெகு நாள் கழித்து. வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். வார்டு நிரம்பி வழிந்த ஒரு நாளில், ஒரு வயதான அம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு இவள் ஓடியிருக்கிறாள். அங்கே ஒருவர் கீழே விழுந்துவிட்டார், இன்னொருவருக்கு மூச்சு வாங்குகிறது. திரும்பி வருவதற்குள் அந்த அம்மா தூங்கிப்போனார். உதடெல்லாம் காய்ந்து கிடந்ததாம். எழுந்ததும், நீ வேலையாக இருந்தாய், பரவாயில்லை மகளே என்று சொன்னாராம். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்லபடியாக வீட்டுக்குப் போனார். யாரும் இவளைக் கேள்வி கேட்கவும் இல்லை. "திட்டியிருந்தா சரியாயிருக்கும்" என்றாள் ஜெபா. "பரவாயில்லன்னு சொன்னாங்க பாருங்க, அதுதான்."

வார்டு மேனேஜர் நல்ல பெண்மணி. இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நர்ஸ்களின் மனநலத்துக்காக ஒரு பயிற்சி நடக்கிறது, போய்ச் சேர் என்று அனுப்பினார். மைண்ட்ஃபுல்னெஸ் என்று அதற்குப் பெயர். சேருவதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு படிவம். சந்தோஷம் எவ்வளவு, தூக்கம் எவ்வளவு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லு என்று கேட்டது. ஜெபா எல்லாவற்றுக்கும் மூன்று போட்டாள். மூன்று என்றால் யாருக்கும் மனவருத்தம் வராது என்பது அவள் கணக்கு.

வாரத்துக்கு ஒருநாள் வகுப்பு. ஹெலன் என்ற ஓர் அம்மா நடத்தினார். அவரும் ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர்தான். எல்லாரும் காலணியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்காரவேண்டும். பாதம் தரையில் படுகிறதா, தோள் இறுகி இருக்கிறதா, மூச்சு எங்கே வந்து போகிறது, இவ்வளவுதான் பார்க்க வேண்டும். நினைப்பு ஓடினால் அதைத் திட்டாமல் திரும்பக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நான் கேட்டேன், அப்புறம்? "அப்புறம் ஒண்ணுமில்ல. சும்மா உட்காருதோம்" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் சங்கடம். மாமியார் தென்காசியிலிருந்து போனில், கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணாமல் இருப்பது என்ன பழக்கம், வேறு சாமி கும்பிடவைக்கிறார்களா என்று கேட்டார். நான் அவரைச் சமாதானப்படுத்தினேனே தவிர என் சங்கடம் வேறு மாதிரி. ஹெலன் அம்மாவுக்கு முன்னால் இவளால் அமைதியாக உட்கார முடிகிறது. எங்கள் வீட்டில், என் பக்கத்தில், ஆண்டவருக்கு முன்னால் ஒரு வார்த்தை வரவில்லையே. இதை அவளிடம் சொல்லவில்லை. ஆண்டவரிடம்தான் சொன்னேன்.

ஆனால் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். சில வாரத்தில் அவள் தூங்க ஆரம்பித்தாள். சாப்பாட்டைச் சாப்பாடாகச் சாப்பிட்டாள். காரில் உட்கார்ந்திருக்கும் நேரம் குறைந்தது. ஒருநாள் ஃபெபா கணக்கு வராமல் பென்சிலை வீசியபோது, இவள் பக்கத்தில் போய், "பாதம் தரையில இருக்கா பாரு" என்றாள். ஃபெபா, "அம்மா, மேத்ஸுக்கு பாதம் எதுக்கு?" என்று கேட்டாள். மூன்று பேரும் சிரித்தோம். வீட்டில் சிரிப்பு கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

இருந்தாலும் வார்டு என்றால் அவளுக்கு நடுக்கம்தான். மேனேஜரிடம் வேறு வேலை கேட்டாள். வெளிநோயாளிகள் பிரிவில், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர் பதிவு செய்கிற வேலை ஒன்று காலியாக இருந்தது. மேனேஜர், அவசரப்படாதே, ஊருக்குப் போய்விட்டு வா, திரும்புவதற்குள் ஒரு வார்த்தை அனுப்பு, வார்டா மேசையா என்று சொல் என்றார். எங்கள் மூன்று பேருக்கும் இங்கே நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. ஆகவே எந்த வேலை பார்த்தாலும் குடும்பத்துக்குக் குறை இல்லை. ஆனால் ஜெபா சின்ன வயதில் பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடியவள். நோயாளி பக்கத்தில் போகாமல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. வார்டுக்கே போகச் சொன்னால் திரும்பவும் உடைந்துபோவாளோ என்றும் பயம். நான் வாயைத் திறக்கவில்லை.

3

ஆடியில் ஊருக்கு வந்தோம். தென்காசி ரயில் நிலையத்தில் இறங்கினதுமே சாரல் முகத்தில் அடித்தது. காற்று வேட்டியைப் பிடுங்கியது. ஃபெபா, "அப்பா, இதுவும் இங்கிலாந்து மாதிரிதான இருக்கு" என்றாள். மழை ஒன்றுதான், குளிர் வேறு என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

ஜெபாவோடு படித்து, அவளோடு அதே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவள் கிரேஸ். இவள் வெளிநாடு போனாள், கிரேஸ் அங்கேயே இருந்து இப்போது தலைமை நர்ஸ் ஆகிவிட்டாள். வந்த மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு பேரும் மொட்டை மாடியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இறங்கி வரும்போது கிரேஸ் இவளைப் பிடிவாதமாக ஒன்றுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்து நர்ஸ்களுக்கு அந்த வகுப்பை ஒருநாள் நடத்த வேண்டுமாம்.

"நானே வார்டை விட்டு ஓடப் பாக்கேன். நான் என்னத்தட்டி சொல்லிக்குடுக்க?" என்றாள் ஜெபா.

"சும்மா இருக்கச் சொல்லிக்குடு. இங்கன எவளுக்கும் சும்மா இருக்கத் தெரியாது" என்றாள் கிரேஸ். என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்கதான் கூட்டிட்டு வாரீய. வரலன்னா வண்டி அனுப்பித் தூக்கிருவேன்" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் படும் பாட்டை கிரேஸ் சொல்லக் கேட்டேன். ஒருத்தி வரவில்லை என்றால் இன்னொருத்தி இரட்டை டூட்டி பார்க்க வேண்டும். நோயாளியோடு வருகிறவர்கள் டாக்டரிடம் கும்பிடு போடுவார்கள், நர்ஸைப் பார்த்தால் ஏட்டி என்று அதட்டுவார்கள். சம்பளத்தைப் பற்றி நான் எழுத வேண்டாம், நம் சபையிலேயே நர்ஸ் இல்லாத வீடு குறைவு. இருபது நிமிஷம் எல்லாரும் ஒன்றாக உட்காருவதற்கு நிர்வாகத்தில் அனுமதி வாங்குவதற்குள் கிரேஸுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உட்கார்ந்து என்ன செய்வார்கள் என்று கேட்டார்களாம். ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று கிரேஸ் சொல்ல, அதற்கு எதற்கு அனுமதி என்று அவர்கள் குழம்பிவிட்டார்கள். கடைசியில் டீ குடிக்கும் நேரத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

4

வகுப்பு, மாடியில் குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகள் அடுக்கியிருந்த அறையில். மத்தியானம் டூட்டி மாறுகிற நேரம். முடிந்ததும் மூன்று பேரும் குற்றாலம் போய்க் குளிப்பதாகத் திட்டம், ஆகவே நானும் ஃபெபாவும் துண்டு, மாற்றுத்துணிப் பையோடு வெளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்துதான் இருந்தது. சில பேருக்கு நாற்காலி, மற்றவர்கள் பெட்டிமேல். எல்லாரும் கையில் டீயோடு வந்து, மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

ஜெபா சேலையில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். பாதம் தரையில் படுவது தெரிகிறதா என்று கேட்டாள். ஒருத்தி, எனக்குப் பாதம் எரிவதுதான் தெரிகிறது என்றாள். "எரியுதுன்னு தெரிஞ்சா போதும். அத மாத்த வேண்டாம்" என்றாள் ஜெபா. சிரிப்பு எழுந்து அடங்கியது. "இப்ப எல்லாரும் கண்ண மூடிக்கிடுங்க" என்றாள்.

அந்த வார்த்தைதான் தப்பாகப் போயிற்று. நம்மவர்கள் கூட்டத்தில் ஒருவர் முன்னால் நின்று கண்ணை மூடுங்கள் என்று சொன்னால் அடுத்தது என்ன? கிரேஸ் தலையைக் குனிந்து, கையைக் கூப்பி, கணீரென்ற குரலில் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டாள். யாரும் பண்ணச் சொல்லவில்லை. பண்ண வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. இந்துப் பிள்ளைகள், கடையநல்லூர் பாத்திமா, எல்லாரும் தலைமை நர்ஸ் ஜெபிக்கிறாள் என்று மரியாதையாகக் குனிந்துகொண்டார்கள்.

கிரேஸ் ஒன்றையும் விடவில்லை. முதலாளியை ஆசீர்வதிக்கக் கேட்டாள். நின்றுபோகிற ஜெனரேட்டருக்காகக் கேட்டாள். ஒரு நர்ஸின் வீட்டுக்காரர் குடியை விடவேண்டும், பாத்திமாவுக்கு வளைகுடா வேலை சீக்கிரம் வரவேண்டும், ஆனால் மாற்று ஆள் கிடைத்த பிறகு வரவேண்டும் என்று கேட்டாள். ஃபெபா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். எனக்கும் சிரிப்பு முட்டியது. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஜெபா தடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள். இருபது நிமிஷத்தில் பாதி போய்விட்டது.

அப்போது கிரேஸின் குரல் இறங்கியது.

"இந்த ஜெபாவையும் பாரும் ஆண்டவரே. அங்கன ஒத்தையில கெடந்து தவிக்கா. அவளால செய்ய முடிஞ்சத அவ செஞ்சா. முடியாததை அவ தலையில எழுதாதீரும். எங்க தலையிலயும் எழுதாதீரும்."

ஆமென் என்றாள். எல்லாரும் ஆமென் என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் கண்ணைத் திறக்கவில்லை. ஜெபா அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று படித்து வைத்திருந்தாளோ, அதைச் சொல்லவில்லை. அவளும் பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. சாரல் ஜன்னல் தகரத்தில் பட்டபடி இருந்தது. உள்ளே அத்தனை பேர் மூச்சு விடுகிறதும் கேட்டது. சில கன்னங்கள் நனைந்திருந்தன. யாரும் துடைக்கவில்லை. ஃபெபா நிமிர்ந்து, ஏன் எல்லாரும் அழுகிறார்கள் என்று கண்ணாலேயே கேட்டாள்.

நேரம் முடிந்து எல்லாரும் ஆறின டீயைக் குடித்துவிட்டு இறங்கினார்கள். பாத்திமா மட்டும் எழவில்லை. சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். முந்தின நாளிலிருந்து இரட்டை டூட்டி பார்த்தவள், இனி மூன்றாவதும் பார்க்க வேண்டும். கிரேஸ் எழுப்பக் கையை நீட்டினாள்.

"எழுப்பாதட்டி" என்றாள் ஜெபா. "அவ வார்டுக்கு நான் வாரேன்."

"நீ இப்ப இங்கன வேலையில இல்ல, ஊசி போட முடியாது பாத்துக்க."

"ஊசி நீ போடு. நான் கட்டில் விரிக்கேன்."

5

நானும் ஃபெபாவும் கீழே டீக்கடையில் வடை தின்றோம். வெளியே வந்து நின்றோம். திரும்பவும் டீ குடித்தோம். ஜெபா வரவில்லை. பாத்திமாவும் எழுந்த மாதிரி தெரியவில்லை. மேலே ஏறிப் பார்த்தேன்.

சேலை முந்தானையை இடுப்பில் செருகி, கிரேஸின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஜெபா ஒரு பெரியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் விரிப்பைச் சுருட்டி, புது விரிப்பை அடியில் தள்ளி, இந்தப் பக்கம் வந்து இழுத்தாள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணை இருந்த ஓர் அம்மா, "ஏட்டி, நீ புது நர்ஸா? கூப்ட்டா ஒடனே வரமாட்டீயளோ?" என்று அதட்டினார். நான் ஜெபாவின் முகத்தைப் பார்த்தேன். பயந்துகொண்டுதான் பார்த்தேன்.

"இன்னைக்குத்தான் பெரியம்மா சேர்ந்தேன். இவர முடிச்சிட்டு வாரேன். நேரமாகும், இருங்க" என்றாள். நேரமாகும் என்பதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தப் பெரியவரிடமே திரும்பினாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தது. அதையும் தடவி எடுத்துவிட்டாள்.

என்னைக் கண்டதும் வாசலுக்கு வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அருவிக்குப் போங்கள், பாத்திமா எழுந்ததும் நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றாள். நான் சரி என்று திரும்பினேன்.

"இங்க பாருங்க" என்று கூப்பிட்டாள். "மேனேஜருக்கு வார்டுக்கே வாரேன்னு அனுப்பிரட்டா? என்ன சொல்லுதீய?"

இத்தனை மாதமும் சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். "அனுப்பிரு" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவள் முந்தானையைத் திரும்பவும் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தனக்குக் குளியல் வேண்டாம் என்று ஃபெபா சொல்லிவிட்டாள். பையையும் என் சட்டையையும் அவளிடம் கொடுத்துவிட்டு நான் ஆண்கள் பக்கம் நுழைந்தேன். எண்ணெய் தேய்த்த முதுகுகளுக்கு நடுவே இடம் பிடித்து, கம்பியைப் பற்றிக்கொண்டு, தலையைக் கொடுத்தேன். ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் உள்ளே போனேன். தண்ணீர் உச்சந்தலையில் விழுந்த வேகத்தில் ஒரு சொல்லும் நிற்கவில்லை. தோளில் விழுந்தது, காதில் விழுந்தது, மூச்சு முட்டியது, விட்டது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. போலீஸ்காரர் விசில் ஊதி, போதும் வெளியே வாங்க என்று விரட்டின பிறகுதான் வந்தேன்.

ஃபெபா துண்டை நீட்டினாள். நான் எங்கே நின்றாலும் உதடு அசைந்துகொண்டே இருக்கும், அதை வைத்து அவளும் அவள் அம்மாவும் கேலி பண்ணுவார்கள். இப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உங்க வாய் அசையவே இல்ல. ப்ரே பண்ணலையா?"

"இல்ல."

"அப்போ இவ்ளோ நேரம் என்ன பண்ணுனீங்க?"

"நனைஞ்சேன்" என்றேன்.

 அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் ஈரக் கையில் வைத்துவிட்டு, பெண்கள் பக்கம் இறங்கிப் போனாள்.